நாப்பத்துநாலைப் பாருங்க

ஷரஃபியா, ஜித்தா
25-10-2024

என் அருமைத் தம்பி அப்துல் ஹாதிக்கு, ராத்தா உம்மு ஹானி எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ் காவல்ல சுகம். உன் சுகத்துக்கு எந்நேரமும் துஆ.

போன் போட்டா "சரி ராத்தா, டூட்டி ராத்தா"ன்னு வெச்சுடுறே. அதான் இனிமே மெயிலு. எழுதினதுக்குப் பதில் எழுதியே தீரணும், நழுவ முடியாது பாரு.

விஷயத்துக்கு வர்றேன். பொண்ணு பேர் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ். பூர்வீகம் நம்ம கீழக்கரைதான், வளர்ந்தது அல் கோபார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பாக்குது. வாப்பா முகம்மது ரிபாய் காக்கா, ஹார்டுவேர் கடை வெச்சிருக்காக. பொண்ணு போட்டோ இதோட இருக்கு. உன் போட்டோவை அது ரெண்டு தரம் பெருசாக்கிப் பார்த்துச்சாம், அவ உம்மாவே சொன்னாக.

நீ விளையாடுறதையும் சொல்லி வெச்சிருக்கேன். "மாப்பிள்ளை ஃபுட்பால் ஆடுவாரா?"ன்னு ரிபாய் காக்காவுக்கு ஒரே சந்தோஷம். என்ன ஃபுட்பால்னு நான் விளக்கலை. எனக்கே தெரியாதே! ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ஆட்டுக்கிடா மாதிரி முட்டிக்கிறீங்க, அவ்வளவுதான் தெரியும். எத்தனை கோல் போட்டிருக்கேன்னு உடனே எழுது. கேட்டா சொல்லணும்ல.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் ராத்தா
உம்மு ஹானி

துபாய்
3-11-2024

ராத்தாவுக்கு வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். மச்சானுக்கும் பிள்ளைங்களுக்கும் என் சலாம்.

அது கோல் இல்லை ராத்தா, டச் டவுன். நான் ஒண்ணுகூட போட்டதில்லை. மூணு சீசனா ஆடுறேன், பந்து என் கைக்கு வந்ததே அபூர்வம். இது அமெரிக்கன் ஃபுட்பால். பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டணும். தாண்டவிடாம அவங்க மேல விழுந்து அமுக்குவாங்க. எங்க டீம் க்ரீக் ஹாமர்ஸ்ல பந்தை எடுத்துக்கிட்டு ஓடுறவன் சீதாராமன், ஷார்ஜாவுல வளர்ந்த தஞ்சாவூர்ப் பையன். நான் ஃபுல்பேக். அவனுக்கு முன்னாடி ஓடி, வழியில நிக்கிறவனை முட்டித் தள்ளுறது என் வேலை. அதனால கோல் கணக்கு எதையும் அங்கே சொல்லி வெக்காதீங்க.

போட்டோ பார்த்தேன். எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பவே பிடிச்சிருக்கு. இதுக்கு மேல எழுத வெக்கமா இருக்கு.

துஆவுடன்
ஹாதி

ஷரஃபியா
19-11-2024

தம்பி ஹாதிக்கு ராத்தாவோட சலாம். நாங்க சுகம். நீ சுகமா இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும்.

என் வயித்தெரிச்சலைக் கேளு. மாப்பிள்ளையை விசாரிக்காம யாரு பொண்ணு கொடுப்பா? ரிபாய் காக்காவும் விசாரிச்சாக. பள்ளிவாசல்ல விசாரிச்சாக, உன் கம்பெனியில விசாரிச்சாக, உன் ரூம்காரன்கிட்ட சிகரெட் குடிப்பாரான்னு விசாரிச்சாக. எல்லா இடத்துலயும் மாஷா அல்லாஹ் நல்ல பேரு. அதோட விட்டாகளா? உங்க துபாய் டேரா பஜார்ல ஜவுளிக்கடை வெச்சிருக்கிற தன் சகலையை உன் மேட்சுக்கே அனுப்பிட்டாக!

அவுக கொடுத்த ரிப்போர்ட்டை அப்படியே எழுதுறேன். "பையன் நல்ல திடகாத்திரம். ஆனா ஆட்டம் முடியுற வரைக்கும் ஒரு தரம்கூட பந்தை அவர் கையில கொடுக்கலை. ஒவ்வொரு தரமும் இவர் போய் மோதி விழுறார். பின்னால வர்றவன் நோகாம ஓடிப் பேரைத் தட்டிக்கிட்டுப் போறான். கூட இருக்கிறவங்க இவரை நல்லா ஏய்க்கிறாங்க. இப்படி ஏமாளியா இருந்தா நாளைக்கு ஒரு கூட்டாளி கடையையே எழுதி வாங்கிட்டுப் போயிடுவான்."

எப்படி இருக்கு கதை? ரிபாய் காக்கா இப்ப "யோசிக்கிறேன் தங்கச்சி"ங்கிறாக. பொண்ணு வீட்டுக்காரவுக யோசிக்கிறேன்னா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும். உன் கோச்சுகிட்ட ஒரு வார்த்தை சொல்லி ரெண்டு தரம் பந்தை வாங்கி ஓடினா என்ன குறைஞ்சா போயிடுவே?

கவலையோட
ராத்தா

துபாய்
24-11-2024

ராத்தாவுக்கு சலாம். நான் சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல்னு மச்சான் சொன்னாங்க, இப்ப தேவலையா?

உங்க மெயிலைப் படிச்சுட்டு ரெண்டு நாள் கோவத்துல இருந்தேன். இப்ப இல்லை. அந்தப் பெரியவர் மேல தப்பு சொல்ல முடியாது, பந்து எங்கேயோ கண்ணும் அங்கேதான் போகும்.

ஃபுல்பேக்குன்னா என்னன்னு எழுதுறேன், பொறுமையாப் படிங்க. எதிர்ல லைன்பேக்கர்னு ஒருத்தன் காத்திருப்பான். ஓடி வர்றவனைப் பிடிச்சு மடக்குறது அவன் பொழப்பு. பந்து கிளம்பினதும் நான் நேரா அவன்கிட்ட போகணும். அவனைவிடத் தாழ்வா, குனிஞ்ச வாக்குல போகணும், நிமிர்ந்தா தோத்தேன். அதுக்காகத் தலையைத் தொங்கப்போடக் கூடாது, கண்ணு அவன் நெஞ்சுலயே இருக்கணும், இல்லேன்னா கழுத்து போயிடும். மோதினதோட வேலை முடியாது. மோதின பிறகும் கால் ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னேன்னா என்னைச் சுத்திக்கிட்டுப் போயிடுவான். அவனை நான் இடப்பக்கம் தள்ளினா சீதாராமன் வலப்பக்கம் திரும்புவான். வாயால எதுவும் சொல்லிக்க மாட்டோம். என் முதுகைப் பார்த்தே அவனுக்குத் தெரியும்.

மோதுறதைவிடக் கஷ்டம் எது தெரியுமா? அதுக்கு முன்னாடி சும்மா நிக்கிறது. எந்தப் பக்கம் போகப்போறேனோ அந்தப் பக்கம் கண்ணு போகக் கூடாது, உடம்பு சாயக் கூடாது. ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி நிக்கணும். இல்லேன்னா எதிராளி நம்மளைப் படிச்சுடுவான். இது பழக எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆச்சு. சில நேரம் ஓடாம பந்தைத் தூரத்துக்கு எறிவாங்க. அப்ப எறியறவனுக்கு நான்தான் காவல். முதல்ல உள்பக்கம் பாக்கணும், அப்புறம்தான் வெளிப்பக்கம். கிட்ட வர்ற ஆபத்தை விட்டுட்டு எட்ட இருக்கிறதைத் துரத்தினா எறியறவன் எலும்பு மிஞ்சாது.

நான் ஏமாளி இல்லை ராத்தா. அதை அவங்க வீட்ல சொல்லுங்க. முக்கியமா போட்டோவுல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. இந்த இடம் கை நழுவிப் போயிடக் கூடாதுன்னு எனக்கு இருக்கு. வீடியோ லிங்க் அனுப்பியிருக்கேன். என் நம்பர் நாப்பத்துநாலு.

ஹாதி

ஷரஃபியா
20-12-2024

என் கண்ணான தம்பிக்கு சலாம். சின்னவளுக்குக் குணமாயிடுச்சு, பழையபடி வாயாடுறா. நீ சுகம்தானே?

அடுப்புல சோத்தை வெச்சுட்டு உன் வீடியோவைத் திறந்தேன். சோறு அடிப்பிடிச்சுக் கரியாப் போனதுதான் மிச்சம். உன் மச்சான் சத்தம் போட்டாக. "வந்து உக்காருங்க மச்சான், என் தம்பியைப் பாருங்க"ன்னு அவுகளையும் இழுத்து உக்கார வெச்சேன். முதல்ல எனக்கும் பந்துமேலதான் கண்ணு. அப்புறம் மனசைக் கட்டிப்போட்டு நாப்பத்துநாலையே பார்த்தேன். யா அல்லாஹ்! எதிர்ல நிக்கிறவன் பீரோ மாதிரி இருக்கான். நீ அடியில பூந்து அவனை அப்படியே நிமித்தி நடத்திக்கிட்டுப் போறே. அவன் கால் தரையைத் தேடுது! பக்கத்துலயே சீதாராமன் சொகுசா ஓடுறான். ஜனங்க அவன் பேரைச் சொல்லிக் கத்துறாக. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், "அடேய், வழி போட்டது யாருடா?"ன்னு போனைப் பார்த்துக் கத்திட்டேன்.

அப்புறம் ஒண்ணு கவனிச்சேன். அந்தப் பையன் சீதாராமன் விழுந்ததும் முதல்ல ஓடிப் போய் கை கொடுத்துத் தூக்குறவன் நீதான். நாலு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. உன்னை நினைச்சா பெருமையா இருக்கு ஹாதி, வாயாரச் சொல்றேன்.

வீடியோ எல்லாத்தையும் ஜன்னத்துக்கு அனுப்பிட்டேன், அவ வாப்பாவுக்குத் தெரிஞ்சுதான். அது "இன்னும் இருந்தா அனுப்புங்க"ன்னு மட்டும் கேட்டுச்சு. ரிபாய் காக்கா இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காக.

ராத்தா

ஷரஃபியா
4-1-2025

தம்பிக்கு சலாம். நாங்க சுகம். ரெண்டு வாரமா உன் பதிலைக் காணோம்.

நீ வாயைத் திறந்து கேக்கமாட்டேன்னு தெரிஞ்சதால நானே கேட்டுட்டேன். உங்க டீமோட இன்டர்நெட் பக்கத்துல உன் கோச்சுக்கு மெசேஜ் போட்டேன். தமிழ்ல எழுதி, போன்லயே இங்கிலீஷ் ஆக்கினேன். "மரியாதைக்குரிய கோச் அவர்களுக்கு, என் தம்பி அப்துல் ஹாதி கல்யாண வயதில் இருக்கிறான். பெண் வீட்டார் பார்க்கிறார்கள். தயவுசெய்து ஆட்டத்துக்கு இரண்டு தரமாவது அவனிடம் பந்தைக் கொடுக்கவும். உங்கள் குடும்பத்துக்காகத் துஆ செய்கிறேன்." நல்லாத்தானே இருக்கு? நல்லது நடக்கும், பாரு.

ராத்தா

துபாய்
19-1-2025

ராத்தாவுக்கு சலாம். சுகம்.

உங்க மெசேஜை கோச் டீம் முழுசுக்கும் வாசிச்சுக் காட்டினார். இப்ப என்னை எவனும் ஹாதின்னு கூப்பிடறதில்லை, "மாப்பிள்ளை"தான். வெள்ளைக்காரன்கூட மாப்பிள்ளைங்கிறான், சீதாராமன் சொல்லிக்கொடுத்திருக்கான். எனக்குக் கோவம் ராத்தா. சிபாரிசுல பந்து வாங்குறவன்னு பேர் வரணுமா எனக்கு?

பதினொண்ணாம் தேதி மேட்சுல ஜெயிச்சோம். தோள்ல லேசா அடி. ஒண்ணுமில்லை.

ஹாதி

ஷரஃபியா
3-2-2025

கோவக்காரத் தம்பிக்கு சலாம். இங்கே எல்லாரும் சுகம். உன் கோவமும் சுகம்தானே?

நான் செஞ்சது தப்புன்னு சொல்வேன்னு எதிர்பார்க்காதே. ஊர்ல பொண்ணு கேக்கும்போது சொந்தக்காரவுக நாலு வார்த்தை ஏத்திச் சொல்றது வழக்கம்தான். வெள்ளைக்காரன்கிட்டயும் சொன்னேன், அவ்வளவுதான். தோள் எப்படி இருக்கு? "ஒண்ணுமில்லை"ங்கிறதுல நீ ராஜாவாச்சே.

இப்ப மெய்யான சேதி. இருபத்திரெண்டாம் தேதி உன் ஃபைனலுக்கு ரிபாய் காக்கா நேர்ல வர்றாக. துபாய் கண்காட்சிக்குச் சரக்குப் பாக்க வர்றாக, அப்படியே உன்னையும் பாத்துட்டு முடிவு சொல்றேன்னு போன்ல சொன்னாக. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "காக்கா, பந்தைப் பாக்காதீங்க. நாப்பத்துநாலைப் பாருங்க."

அதுக்கு மேல அல்லாஹ் விட்ட வழி. நீ பந்து கேக்க வேண்டாம். நீ ஆடுறபடியே ஆடு.

ராத்தா

துபாய்
10-2-2025

ராத்தாவுக்கு சலாம். சுகம். வரட்டும். துஆ செய்ங்க.

ஹாதி

அல் கோபார்
25-2-2025

அன்புத் தங்கச்சி உம்மு ஹானிக்கு, முகம்மது ரிபாய் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நல்லபடியாக ஊர் திரும்பினேன். உங்க வீட்டுக்காரர் கலீலுர் ரஹ்மான் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

உங்க சொல்படி நாப்பத்துநாலை விட்டுக் கண்ணை எடுக்கலை. பக்கத்துல என் சகலை பந்து பின்னாலயே தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்குதுன்னார். தங்கச்சி, முப்பது வருஷமா கடை நடத்துறேன், வேலைக்காரனை எனக்குப் பார்க்கத் தெரியும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி நிக்கிறார். எங்கே போகப்போறார்னு எனக்கே தெரியலை, எதிராளிக்கு எங்கே தெரியப்போகுது? ஒரு தரம் பந்து எறியறவனோட முதுகுப்பக்கமா ஒருத்தன் பாய்ஞ்சு வந்தான். எறியறவனுக்குத் தெரியவே தெரியாது. உங்க தம்பி குறுக்கே வந்து அவனைத் தாங்கிக்கிட்டார். நான் எழுந்து நின்னு "சபாஷ்"னு கத்திட்டேன். சுத்தி இருந்தவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க, ஏன்னா அந்நேரம் பந்து வேற எங்கேயோ இருந்தது.

கடைசியில மூணு கஜம் பாக்கி, தாண்டினா கோப்பை. ஆட்டத்தை நிறுத்திக் கோச் உங்க தம்பிகிட்ட என்னவோ சொன்னார். இவர் தலையை ஆட்டி மறுத்துட்டு எதிர்ப்பக்கம் ஒருத்தனைக் காட்டினார். அந்த அம்பத்தஞ்சாம் நம்பர் மலை மாதிரி இருந்தான். அப்புறம் ஆட்டம் தொடங்கினதும் இவர் போய் அவனை முட்டின சத்தம் நான் உக்கார்ந்திருந்த இடம் வரைக்கும் கேட்டது. அவன் சாய்ஞ்சான், சீதாராமன் தாண்டினான், கோப்பை வந்தது.

முடிஞ்சதும் கோச்சைத் தேடிப் போய்க் கேட்டேன். "மாமனார் வந்திருக்கார், இந்தப் பந்து உனக்குத்தான்னு சொன்னேன். 'நான் பந்தை எடுத்தா அம்பத்தஞ்சை யார் பாத்துக்குவா?'ன்னு கேட்டான். அவன் சொன்னது சரி" என்றார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. என் சகலை ஏமாளின்னது இந்தப் பிள்ளையைத்தானான்னு வெக்கப்பட்டேன்.

இங்கேயே நிறுத்தியிருந்தா இது சந்தோஷக் கடிதமா இருக்கும். ஆனா மனசுல இருக்கிறதை மறைக்கக் கூடாது. உங்க தம்பியைப் பார்க்கப் போனேன். சிரிச்ச முகமா சலாம் சொன்னார். நான் கையை நீட்டினேன். இடது கையைக் கொடுத்தார், தங்கச்சி. பெரியவங்களுக்கு, அதுவும் பொண்ணு கொடுக்க வந்தவனுக்கு, இடது கை! நம்ம பிள்ளைங்க யாராவது செய்வாங்களா? ஜெயிச்ச பெருமை தலைக்கு ஏறிடுச்சோன்னு நினைச்சேன். திறமை வேற, மரியாதை வேற. நோன்பு முடியட்டும், அப்புறம் பேசலாம்னு தோணுது.

ஜன்னத்துகிட்டயும் சொன்னேன். நான் போன்ல எடுத்த வீடியோவை வாங்கிட்டுப் போய்ப் பார்த்தா. உங்க தம்பிக்கு ஒரு மெயில் எழுதணும்னு அனுமதி கேட்டா. எழுதச் சொல்லியிருக்கேன்.

துஆவுடன்
முகம்மது ரிபாய்

அல் கோபார்
27-2-2025

அப்துல் ஹாதி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜன்னத். நான் நலம். நீங்க நலமான்னு சம்பிரதாயத்துக்குக் கேக்கலை. நிஜமாவே கேக்கிறேன், அதுக்காகத்தான் இந்த மெயில்.

உங்க ராத்தா டிசம்பர்லேர்ந்து அனுப்பிக்கிட்டே இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்திருக்கேன், சிலது பல தடவை. எனக்கு அந்த விளையாட்டு தெரியாது, உடம்பு தெரியும். உங்களை மாதிரி அவ்வளவு தாழ்வாப் போய், தலை நிமிர்ந்து, முதுகு வளையாம மோதுறவங்களை நான் பார்த்ததில்லை. என்கூட வேலை செய்றவங்களுக்கெல்லாம் காட்டினேன். பெருமையா இருந்தது. பெருமைப்பட எனக்கு இன்னும் உரிமை வரலை, இருந்தாலும் பட்டேன்.

டிசம்பர் வரைக்கும் நீங்க வலது தோளாலதான் மோதினீங்க. ஜனவரிக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் உடம்பைத் திருப்பி இடது தோளைக் கொடுக்கிறீங்க. கடைசி ஆட்டத்துல அம்பத்தஞ்சுகிட்ட திரும்ப நேரமில்லை, வலதைக் கொடுத்துட்டீங்க. அப்புறம் எல்லாரும் சீதாராமனைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. வாப்பா உங்களையே வீடியோ எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. நீங்க கீழேயே கிடக்கிறீங்க. இடது கையை ஊன்றி எழுந்திருக்கிறீங்க. இடது கையால ஹெல்மெட்டைக் கழட்டுறீங்க. வலது கை உடம்போட ஒட்டியே இருக்கு.

வாப்பாவுக்கு நீங்க இடது கை கொடுத்தது ஏன்னு எனக்குத் தெரியும். வாப்பாகிட்ட நான் சொல்லலை. சொன்னா இப்பவே சம்மதிச்சுடுவாங்க. ஆனா அது நீங்க சொல்ல வேண்டியது. மரியாதை தெரியாதவன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்லை, வலிக்குதுன்னு மட்டும் சொல்லமாட்டேன்னு இருக்கிற ஒருத்தரோட எப்படிக் குடும்பம் நடத்துறது? நாளைக்கு எனக்கும் "ஒண்ணுமில்லை"தானே பதில்?

உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நேராவே சொல்லிட்டேன். இப்ப நீங்க நேராச் சொல்லுங்க. "ஒண்ணுமில்லை"ன்னு எழுதினீங்கன்னா, வாப்பா என்ன சொன்னாலும் நான் வேண்டாம்னு சொல்லிடுவேன்.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்

துபாய்
27-2-2025

ஜன்னத்துக்கு வ அலைக்கும் ஸலாம்.

வலிக்குது. ரொம்ப வலிக்குது. கையைத் தோள் உசரத்துக்குத் தூக்க முடியலை. ஜனவரியில பட்டது. சொன்னா ஃபைனல்ல ஆடவிடமாட்டாங்கன்னு பயந்தேன். அப்புறம் அடிபட்ட மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு அதைவிடப் பயந்தேன். சட்டை போட ரூம்காரன் ஒத்தாசை பண்றான், அவன்கிட்டகூட சுளுக்குன்னுதான் சொல்லியிருக்கேன். இந்த மெயிலையும் இடது கையாலதான் அடிக்கிறேன்.

உங்க வாப்பா கையை நீட்டினப்போ வலதைத் தூக்கப் பார்த்தேன். முடியலை. அவங்க முகம் மாறினதைப் பார்த்தேன், ரூமுக்கு வந்து அழுதேன். இப்பவே அவங்களுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்றேன். அதுக்கப்புறம் ராத்தாகிட்ட. அவங்க கத்துவாங்க, கத்தட்டும்.

நாளைக்குக் காலையில ஸ்கேன் எடுக்கப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு. உள்ளே கூப்பிடுற வரைக்கும் நீங்க போன்ல இருப்பீங்களா?

ஹாதி